கோச்சிங் தொழிலை வளர்க்கும் கோர்ஸ்: முதல் பாதிக்குக் காசு கொடுக்கலாம், இரண்டாம் பாதி வேண்டாம்

கோச்சாகத் தொழில் தொடங்கியவர்களுக்கு அதை வளர்க்கச் சொல்லித் தருகிறோம் என்று ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஓயாமல் விளம்பரம் வருகிறது. அப்படி ஒன்றில் பணம் கட்டி, கடைசி வகுப்பு வரை இருந்து முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். டியூஷன் சென்டர் நடத்துகிறவர்களுக்கான கோர்ஸ் இல்லை இது. கரியர் கோச், பேரன்டிங் கோச், ஹெல்த் கோச், பிசினஸ் கோச் என்று ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசி வழிகாட்டுகிறவர்களுக்கானது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இங்கே சொல்லும் நல்லதும் கெட்டதும் இதே மாதிரி வேறு கோர்ஸில் சேர யோசிப்பவர்களுக்கும் பயன்படும்.

நான் கோயம்புத்தூரில் கரியர் கோச்சிங் செய்கிறேன். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, சில வருடம் கழித்து மறுபடி வேலைக்குப் போக நினைக்கும் பெண்கள்தான் என்னிடம் வருகிறவர்கள். ஒருவர் சொல்லி இன்னொருவர் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பெனிகளோடு சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். மூன்று மாதம், வாரம் இரண்டு மாலை, ஜூமில், முழுக்கத் தமிழில். கூட இருந்தவர்களில் பெரும்பாலோர் புதியவர்கள்: ஒரு பள்ளி ஆசிரியை, ஐடி வேலையை விட்டவர்கள், ஊட்டச்சத்து படித்த பெண், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். எல்லோருமே விஷயம் தெரிந்தவர்கள், மற்றவர்மேல் நிஜமான அக்கறை உள்ளவர்கள். ஆனால் காசு கொடுத்து வந்த கிளையன்ட் ஒருவர்கூட இல்லை என்று சொன்னவர்கள்தான் அதிகம். ஏன் இல்லை என்பதற்கு முதல் பாதி வகுப்புகள் கொடுத்த பதில் அருமையான பதில். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் வாரமே, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று இரண்டு வரியில் எழுதி அனுப்பச் சொன்னார் வகுப்பு எடுத்தவர். வந்ததையெல்லாம் வரிசையாகத் திரையில் போட்டார். 'மக்கள் தங்கள் முழுத் திறனை உணர உதவுகிறேன்.' 'வாழ்க்கையிலும் வேலையிலும் சமநிலை.' 'உங்களுக்குள் இருக்கும் உங்களைக் கண்டுபிடியுங்கள்.' பெயரை எடுத்துவிட்டால் எது யாருடையது என்று எழுதியவருக்கே தெரியாது. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்: உங்களுக்குப் பணம் கொடுக்கப் போகிறவர் யார், அவர் இந்த வாரம் வீட்டில் யாரிடம் எதைச் சொல்லிப் புலம்பினார்?

வங்கி மேலாளர் முறை வந்தது. திருப்பூர்க்காரர், வேலையில் பாதி நாள் கடன் பிரிவிலேயே இருந்தவர், இப்போது 'லீடர்ஷிப் கோச்' என்று போட்டிருந்தார். "சார், உங்ககிட்ட லோன் கேட்டு வந்தவங்கள்ல யார் முகம் இப்ப ஞாபகம் வருது?" என்று கேட்டதும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "அப்பாவும் பையனுமா வருவாங்கங்க. பேசறது எல்லாம் அப்பாதான். பையன் எம்பிஏ முடிச்சிருப்பாரு, ஃபைலைப் பிடிச்சுட்டுப் பக்கத்துல உட்கார்ந்திருப்பாரு. கிளம்பறப்போ தனியா திரும்பி வந்து, அப்பா எதையும் கையில கொடுக்க மாட்டேங்கறாருங்க சார்னு சொல்லுவாரு."

"அந்தப் பையன் வீட்ல யார்கிட்ட புலம்புவாரு?"

"வேற யாரு, சம்சாரத்துகிட்டதாங்க."

அந்த வகுப்பு முடிவதற்குள் அவருடைய இரண்டு வரி மாறிவிட்டது. திருப்பூர், கரூர், ஈரோடு பக்கம் குடும்பத் தொழிலில் அப்பாவிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டிய அடுத்த தலைமுறைக்கு, சண்டை இல்லாமல் அதைச் செய்து முடிக்க வழிகாட்டுகிறேன் என்று எழுதினார். பனியன் கம்பெனி எப்படி ஓடுகிறது, ஜாப் ஒர்க் பணம் எப்போது வரும், வங்கி லிமிட்டை நீட்டிக்க யார் கையெழுத்து வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சான்றிதழ் வாங்கி வைத்திருக்கும் வேறு எந்த லீடர்ஷிப் கோச்சுக்கும் அது தெரியாது. இவ்வளவு பெரிய சொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பொதுவான ஒரு பட்டத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்.

உடனே அவருக்கு வந்த பயம் எல்லோருக்கும் வருவது. "இப்படிச் சுருக்கிட்டா மத்தவங்க வராம போயிடுவாங்களேங்க." மற்றவர்கள் இப்போதும் வரவில்லையே சார் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். இதில் நான் சேர்த்துச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. நம் ஊரில் கோச்சிடம் ஆள் வருவது பெரும்பாலும் தெரிந்தவர் சொல்லித்தான். 'என் அண்ணன் கோச்சிங் பண்றாரு' என்று ஒரு தங்கை சொன்னால், கேட்பவருக்கு யாரை அனுப்புவது என்று புரியாது, நல்லா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். 'அப்பாகிட்ட இருந்து கம்பெனியை வாங்க முடியாம திணறுறவங்களுக்கு வழி சொல்றாரு' என்றால், கேட்டவர் மனதில் சட்டென்று தன் சித்தப்பா மகன் முகம் வந்து நிற்கும். புதியவர்கள் விளம்பரத்துக்குக் காசு பற்றவில்லை, ஃபாலோயர் இல்லை, ரீல்ஸ் போடத் தெரியவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். ஆள் அனுப்பத் தயாராக இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் பழைய சக ஊழியர்களுக்கும் யாரை அனுப்ப வேண்டும் என்று இவர்கள் சொல்லவே இல்லை. என்னைக் கேட்டால் மற்ற தவறுகள் எல்லாமே இந்த ஒன்றின் கிளைகள்தான்.

இரண்டாவதாகப் பிடித்தது பேச்சுப் பயிற்சி. கிளையன்ட்டோடு முதல் தடவை பேசும் அழைப்பை இரண்டிரண்டு பேராக நடித்துக் காட்ட வேண்டும், மற்றவர்கள் கவனிக்க வேண்டும். மதுரை ஆசிரியை பேரன்டிங் கோச்சாக உட்கார்ந்தார், இன்னொருவர் பத்தாம் வகுப்புப் பையனின் அம்மா. அம்மா இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் ஆசிரியை ஆரம்பித்துவிட்டார்: போனை எப்போது வாங்கி வைக்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும், என்ன டைம் டேபிள் போட வேண்டும் என்று எல்லாவற்றையும் கொட்டினார். சொன்னது அத்தனையும் நல்ல யோசனை. முடிவில் அந்த 'அம்மா', "ரொம்ப நன்றி மேடம், மனசுக்கு இதமா இருந்துச்சு" என்று சொல்லி வைத்துவிட்டார். அவ்வளவுதான், கதை முடிந்தது. ஆசிரியர் வேலையில் இருந்து வருகிறவர்களுக்கு இது அதிகம் நடக்கிறது, கேட்டால் சொல்லிக் கொடுத்தே பழக்கம். இலவச அழைப்பில் முழுத் தீர்வையும் கொடுத்துவிட்டால் அந்த அம்மாவுக்கும் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் அடுத்த வாரம் பையன் போனைக் கொடுக்க மாட்டேன் என்று கத்தும்போது பக்கத்தில் நிற்க யாரும் இருக்க மாட்டார்கள். மறுபடி நடித்தபோது ஆசிரியை கேள்வி மட்டும் கேட்டார், இதுவரை என்னவெல்லாம் செய்து பார்த்தீர்கள், எது கொஞ்ச நாள் வேலை செய்தது என்று. அம்மாவாக நடித்தவர் நடிப்பதை மறந்து தன் வீட்டுக் கதையையே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் விலை சொல்லும் இடம். கிட்டத்தட்ட எல்லோரும் தடுமாறியது இங்கேதான். "மூணு மாசத்துக்குப் பதினஞ்சாயிரம்ங்க... ஆனா உங்களுக்குக் கஷ்டம்னா குறைச்சுக்கலாம், ரெண்டு தடவையா கூட கொடுக்கலாம், இல்லைன்னா முதல் மாசம் சும்மா பார்ப்போம்." எதிரில் இருப்பவர் வாயே திறக்கவில்லை, அதற்குள் விலை மூன்று படி இறங்கிவிட்டது. விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதை மட்டும் ஒரு முழு மாலை பழக்கினார்கள். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும், செய்து பார்த்தால் அந்தப் பத்து நொடி ரொம்ப நீளம்.

விலைக் கணக்கையும் நன்றாகப் போட்டுக் காட்டினார்கள். மாதம் 60,000 ரூபாய் வரவு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அமர்வுக்கு 1,000 ரூபாய் என்றால் மாதம் 60 அமர்வு. ஒவ்வொன்றுக்கும் முன்தயாரிப்பு, பின்னால் குறிப்பு எழுதுவது, இடையில் வாட்ஸ்அப் கேள்விகள், இத்தோடு புது ஆள் தேட நேரம் எங்கே இருக்கும்? அதையே எட்டு அமர்வு கொண்ட மூன்று மாதத் தொகுப்பாக 18,000 ரூபாய்க்குக் கொடுத்தால் அமர்வுக்கு 2,250 ஆகிறது, மாதம் 27 அமர்வு போதும். பணத்தை விட முக்கியமான காரணமும் இருக்கிறது. ஒரே ஒரு அமர்வு விற்றால் வருகிறவர் ஒரு தடவை வந்து அழுதுவிட்டுப் போய்விடுவார், மாற்றம் ஒன்றும் நடக்காது, நடக்காத மாற்றத்தைப் பற்றி யாரும் பக்கத்து வீட்டில் சொல்ல மாட்டார்கள். என்னிடம் வரும் பெண்களுக்கு ரெஸ்யூமே சரி செய்வது ஒரு நாள் வேலைதான். இன்டர்வியூவில் 'நடுவில் நாலு வருஷம் என்ன செய்தீர்கள்' என்று கேட்கும்போது தலை நிமிர்ந்து பதில் சொல்லும் தைரியம் வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

சான்றிதழ் பற்றிய வகுப்பும் நேர்மையாக இருந்தது. என் பேட்சிலேயே நான்கைந்து சான்றிதழ் வைத்திருந்த ஒருவர் அடுத்ததற்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார். கோச்சிங் செய்ய இந்தியாவில் உரிமம் எதுவும் வேண்டியதில்லை. உலக அளவில் மதிப்புள்ள அமைப்பு என்றால் 1995-இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு, ஐசிஎஃப். அவர்களுடைய முதல் படியான ஏசிசிக்கு 60 மணி நேர வகுப்பு, ஆனால் ஆட்களோடு 100 மணி நேரம் கோச்சிங் செய்திருக்க வேண்டும். அடுத்த படி பிசிசிக்கு 125 மணி நேர வகுப்பு, 500 மணி நேர அனுபவம். உச்சத்தில் இருக்கும் எம்சிசிக்கு 200, 2,500. சான்றிதழ் கொடுக்கிறவர்களே வகுப்பை விட அதிகமாக, மேல் படிகளில் பல மடங்காக, ஆட்களோடு உட்கார்ந்த நேரத்தைத்தான் கேட்கிறார்கள். பெரிய கம்பெனிகளுக்குள் போக வேண்டும் என்றால் ஐசிஎஃப் மதிப்பு உதவும், அதை மறுக்கவில்லை. பத்தாம் வகுப்புப் பையனின் அம்மா அதையெல்லாம் கேட்பதில்லை.

லோகோ, வெப்சைட், விசிட்டிங் கார்டு என்று முதல் சில மாதத்தைக் கரைப்பது பற்றியும் ஒரு வகுப்பு இருந்தது, அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் லேபிள் போட்டு வைக்கும் பழக்கம். பேசியாச்சு, யோசிக்கிறார், ஜூனுக்கு மேல் கூப்பிடச் சொன்னார் என்று ஒவ்வொருவருக்கும் குறித்து வைத்தால் போதும். யோசிச்சுச் சொல்றேன் என்று சொன்னவரை மறுபடி கூப்பிடக் கூச்சப்பட்டே பலர் ஆளை இழக்கிறார்கள். ஜூனில் கூப்பிடச் சொன்னவரை ஜூனில் கூப்பிடுவது தொந்தரவு கிடையாது, சொன்ன சொல்லைக் காப்பது.

சரி, இரண்டாம் பாதி. இங்கே வேறு ஆட்கள் வகுப்பெடுக்க வந்தார்கள், தொனியே மாறிவிட்டது. 99 ரூபாய் வெபினார் போடுங்கள், அதில் வந்தவர்களை 4,999 ரூபாய் வகுப்புக்கு இழுங்கள், அங்கிருந்து லட்ச ரூபாய் திட்டத்துக்கு ஏற்றுங்கள் என்று. இதுவரை ஒரு கிளையன்ட்டுக்கும் வேலை செய்யாத ஒருவருக்கு லட்ச ரூபாய்த் திட்டம் எதற்கு? விளம்பரத்துக்கு ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் செலவழித்துப் பழகுங்கள் என்றார்கள், ஊட்டச்சத்து படித்த பெண் அதை நம்பி நகைக் கடன் வைக்கலாமா என்று குழுவில் கேட்டார். வகுப்பு எடுத்தவர்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்கள் சிலர் தனியாகப் பேசித்தான் அதைத் தடுத்தோம். அவர் பகுதியில் இருக்கும் இரண்டு மகப்பேறு மருத்துவர்களைப் போய்ப் பார்த்து, கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்களுக்கு மருத்துவர் சொன்ன உணவு முறையை வீட்டுச் சமையலில் கொண்டுவர உதவுகிறேன் என்று சொன்னால் கை காசு ஒன்றும் போகாது என்பதைத்தான் சொன்னோம்.

இன்னும் மோசமானது, 'இன்னும் 3 சீட்தான்' என்று போடச் சொன்னது. இருக்கும் இடம் எத்தனையாக இருந்தாலும் மூன்றுதான் போட வேண்டுமாம், பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓட ஆரம்பிக்கும் கடிகாரம் ஒன்றையும் வைக்க வேண்டுமாம். இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பது 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதல்களில் தடை செய்யப்பட்ட உத்திகளில் ஒன்று. சட்டத்தை விடுங்கள், நம்பிக்கையை நம்பி நடக்கும் தொழிலில் முதல் அறிமுகமே பொய்யாக இருந்தால் அதற்குமேல் என்ன பேசுவது? கிளையன்ட்டின் வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் போடச் சொன்னதும் அதே ரகம். கணவரோடு பிரச்சினை என்று ஒரு பெண் மனம் விட்டு எழுதியதை, பெயரை லேசாக அழித்துவிட்டுப் போட்டால் ஊருக்குள் யாருக்கும் தெரியாதா? எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஒரு வரிகூடப் போடக் கூடாது என்பது என் கட்சி.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது வேறு விஷயத்துக்கு. கோச்சிங் எங்கே முடிகிறது, மனநலச் சிகிச்சை எங்கே தொடங்குகிறது என்பதை முழுக் கோர்ஸிலும் ஒரே ஒரு ஸ்லைடில் முடித்துவிட்டார்கள். லைஃப் கோச் என்று போர்டு மாட்டினால் முதலில் வருகிறவர்களில் தூக்கமில்லாதவர்கள், சாப்பாடு இறங்காதவர்கள், வாழ்ந்து என்ன பயன் என்று கேட்கிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்கு இலக்கு எழுதச் சொல்லி நோட்டுப் புத்தகம் கொடுக்கக் கூடாது. மனநல மருத்துவரிடமோ, ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடமோ அனுப்ப வேண்டும். இரவில் அழைத்தால் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது, இலவசம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை வகுப்புக் குழுவில் போட்டதே பங்கேற்ற ஒருவர்தான். கிளையன்ட் கிடைப்பதே அபூர்வமாக இருக்கும் புதியவருக்கு, வந்த ஒருவரை 'நான் உங்களுக்குச் சரியான ஆள் இல்லை' என்று அனுப்பி வைப்பது கஷ்டம். அதனாலேயே இதைப் பயிற்சியில் ஒரு மாலை முழுக்க நடித்துப் பழக்கியிருக்க வேண்டும்.

கம்பெனி வேலை பற்றிய பகுதிக்காகத்தான் நான் சேர்ந்ததே, அது மேலோட்டமாகப் போய்விட்டது. கம்பெனிகள் பொதுவாக 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே, பிடித்துக்கொண்டுதான் பணம் அனுப்பும், அதைக் கணக்கில் வைத்து விலை சொல்ல வேண்டும். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருந்தால் 45 நாளுக்குள் பணம் கேட்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. இந்த இரண்டையும் அவர்கள் சொல்லவில்லை, என் ஆடிட்டர்தான் சொன்னார். அதை விட, உத்யம் பதிவு செய்து தருகிறோம் என்று தனியாக 2,500 ரூபாய் கேட்டார்கள். அரசுத் தளத்தில் அது இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் வீட்டிலிருந்தே போட்டுக்கொள்ளலாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவும் கட்டாயம் இல்லை.

கட்டண விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் 40,000 என்று இருக்கும், பணம் கட்டும் பக்கத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 47,200 ஆகும். ஜிஎஸ்டி பதிவு இல்லாத புதியவருக்கு அந்த 7,200 திரும்ப வராது. பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்கிறார்கள், ஆனால் எல்லா வீட்டுப்பாடமும் முடித்து, எல்லா வகுப்பிலும் கேமராவைப் போட்டு உட்கார்ந்திருந்தால்தான் என்ற நிபந்தனை ரசீதோடு வரும் மின்னஞ்சலில் இருக்கிறது. கட்டுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை அனுப்பச் சொல்லி வாங்கிப் படித்துவிடுங்கள்.

முதல் ஆறு வாரத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தோம். முதலில் முடியாது என்றார்கள், நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிக் கேட்ட பிறகு, வரும் பேட்சில் 22,000 ரூபாய்க்கு அப்படி ஒரு வழி வைக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. அந்த விலைக்கு, ஏற்கெனவே ஒரு வேலையில் பல வருட அனுபவம் இருந்து, அதைக் கோச்சிங்காக மாற்றத் தெரியாமல் நிற்கிறவர்கள் தயங்காமல் சேரலாம். சேர்வதற்கு முன் ஒரே ஒரு பேச்சுப் பயிற்சி வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதித்தால், அன்றைக்கு யார் எடுக்கிறார் என்று பார்த்து, அதே ஆள்தான் உங்கள் பேட்சுக்கும் வருவாரா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.